உள்ளானின் கால் நனையும் ஆழம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரை தெற்கு நோக்கி நேராக இறங்கி வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் மூலையில் இருக்கிறது கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மூலையில் ஒரு சிறிய காடு. காட்டை ஒட்டி மேற்கே தொடங்கும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளைத் தொடும்வரை பரந்து கிடக்கிறது. ஆர்க்டிக் நிலத்தில் முட்டையிடும் உள்ளான்களும் மத்திய ஆசிய மேட்டுநிலங்களில் கூடுகட்டும் உப்புக்கொத்திகளும் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பது இதுபோன்ற வெப்பக் கரைகளில்தான். வளைமூக்கு உள்ளான் தான் பிறந்த சைபீரிய வெளியில் தங்குவது இரண்டு மாதத்துக்குள். நம் கரையில் தங்குவது ஏழெட்டு மாதம். இவற்றை விருந்தாளிகள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்நாளின் பாதிக்கு மேல் ஓரிடத்தில் உண்டு, உறங்கி, இறகு மாற்றிக்கொள்ளும் உயிர் அந்த இடத்துக்கு உரியது.

இங்கே குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மார்கழி விடியலில்கூட மெல்லிய போர்வை போதும். பறவைகளின் ஆண்டை வகுப்பது குளிரன்று, மழை. முதிர்ந்த வளைமூக்கு உள்ளான்கள் ஆகஸ்டிலேயே வரத் தொடங்கிவிடும். அப்போது சதுப்பின் பெரும்பகுதி வெடித்த களிமண்ணும் உப்புப் பொருக்கும்தான். அந்த ஆண்டு பொரித்த இளம் பறவைகள் சில வாரங்கள் கழித்து வரும், பெற்றோர் துணையில்லாமல். ஆண் உள்ளான் இணைசேர்ந்த கையோடு தெற்கே கிளம்பிவிடுகிறது. பெண் அடைகாத்துக் குஞ்சுகளை ஆளாக்கிவிட்டுப் புறப்படுகிறது. வழி காட்டப் பெரியவர்கள் யாருமில்லாத நிலையில் குஞ்சுகள் தாமாகவே ஆசியாவைக் குறுக்கே கடந்து வருகின்றன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் காவிரிப் படுகையின் வடிகால் நீர் சதுப்புக்குள் பரவுகிறது. உப்பு நீர்த்துப்போகிறது, புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. மழை ஓய்ந்து தை பிறக்கும்போது வெள்ளம் மெல்ல வடிய, வடியும் விளிம்பை ஒட்டியே பறவைக் கூட்டம் நகர்கிறது. ஆகவே கோடியக்கரைக்குப் போகிறவர் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதற்கு முன் தண்ணீர் மிகுதி, அதற்குப் பின் உப்பு மிகுதி.

அந்த நாளை எப்படிச் செலவிடுவது என்பதை நிலத்தின் அமைப்பே சொல்லிவிடும். வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கரைக்குப் போகும் சாலைக்கு மேற்கே சதுப்பு, கிழக்கே கடல். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சதுப்பில் நிற்கும் ஒவ்வொரு பறவையின் கால் நிறமும் அலகின் வளைவும் அப்போது துல்லியமாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கண்ணுக்குக் கிடைப்பது கருநிழல் மட்டுமே. அதனால் காலை சதுப்புக்கு, மாலை கடலுக்கு. நடுப்பகலில் சூடான சேற்றின்மேல் காற்று நெளியத் தொடங்கும். நூறு கஜத்துக்கு அப்பால் எல்லாப் பறவையும் ஆடும் புள்ளியாகிவிடும். விலை உயர்ந்த தொலைநோக்கியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்த நேரத்தைக் காட்டுக்குக் கொடுக்கலாம்.

காலையில் முதலில் கண்ணில் படுவது பூநாரை. நெடுந்தொலைவில் வெளிர் ரோஜா நிறக் கோடு ஒன்று தண்ணீரின்மேல் நிற்கும். கோடு அசையும்போதுதான் அது பறவைகள் என்று புரியும். பெரிய பூநாரைகள் கட்ச் ரண் பகுதியில் கூடுகட்டுகின்றன. அங்கே சேற்றுக் கூம்புகளாக எழும்பியிருக்கும் கூடுகளை 1945இல் நேரில் கண்ட பறவையியலாளர் சாலிம் அலி, ஐந்து லட்சம் அளவுக்குப் பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். ஈரானின் உருமியா ஏரியில் வளையமிட்ட பூநாரைகள் இந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்திருக்கின்றன. தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பகுதி கீழே வருமாறு நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளி, அலகின் ஓரத்துச் சீப்புப் போன்ற இழைகளில் தங்குவதை அது உண்கிறது. காண்பதற்கு அரிய செயல்தான். ஆனால் பூநாரையைப் பார்த்து மகிழ்ந்த பிறகு, அதற்கும் நாம் நிற்கும் கரைக்கும் இடைப்பட்ட வெளியைக் கவனிக்க வேண்டும். சதுப்பின் உடல்நிலையைச் சொல்வது அந்த இடைவெளிதான்.

கரையை ஒட்டிய ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள் இருக்கும். ஓடும், நிற்கும், ஒன்றைக் குத்தும், மறுபடி ஓடும். பெரிய கண்ணும் குட்டை அலகும் கொண்ட இவை பார்த்து உண்பவை; தங்களுக்குள் இடைவெளி விட்டே மேயும். அடுத்து ஒரு விரற்கடை நீரில் கொசு உள்ளான்கள். எடை 25 கிராமைச் சுற்றி. தையல் எந்திரத்தின் ஊசிபோலத் தலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் வளைமூக்கு உள்ளான்கள். அதைத் தாண்டிப் பவளக்காலி, பச்சைக்காலி. ஒரு சாணை நெருங்கும் நீரில் கருவால் மூக்கன், தன் நீண்ட அலகை முழுவதும் சேற்றில் செருகியபடி. நெடுங்கால் உள்ளான் அதற்கும் அப்பால். முழங்கை ஆழத்துக்கு மேல் பூநாரை மட்டுமே நடக்க முடியும். ஆகக் கரையிலிருந்து உள்நோக்கிப் பார்க்கும்போது நாம் காண்பது இனவாரியாக வரிசைப்பட்டு நிற்கும் ஆழங்களை. ஓர் இனம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அங்கே எவ்வளவு நீர் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சிறிய கரையோரப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த நீர்தான் மேய்ச்சல் நிலம். சதுப்பின் நீர்மட்டம் ஒரு சாண் கூடினால் அவை மேய்ந்த பரப்பெல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகும். பூநாரைக்கு அதனால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. அது அதே இடத்தில், அதே அழகோடு நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் பூநாரையைப் படமெடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு நல்ல வரத்து என்று சொல்லித் திரும்புவார்கள். பெரும் எண்ணிக்கையில் காணாமல் போவது கண்ணில் படாத சாம்பல் நிறப் பறவைகள். பூநாரையை வைத்து ஒரு சதுப்பை மதிப்பிடுவது தவறு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளான்களின் அலகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சேற்றில் குத்தும் அலகு கண்மூடித்தனமாகத் துழாவுவதில்லை. அலகின் நுனி எலும்பில் நுண்குழிகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் கொத்தாக உள்ளன. நெதர்லாந்து ஆய்வாளர் தியூனிஸ் பியர்ஸ்மாவும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. அலகை ஈரமணலுக்குள் செலுத்தும்போது மணல்துகள்களுக்கு இடையே உள்ள நீர் தள்ளப்படுகிறது. அருகே சிப்பியைப் போன்ற கெட்டிப் பொருள் இருந்தால் அந்த நீரின் அழுத்தம் மாறுகிறது. தொடாமலேயே அதை அலகு உணர்ந்துகொள்கிறது. மணலில் ஈரம் இல்லாவிட்டால் இந்தப் புலன் வேலை செய்யாது. மேலே சொன்ன ஆழக் கணக்குக்குக் காலின் நீளம் பாதிக் காரணம் என்றால் மீதிக் காரணம் இதுவே. சதுப்பு காய்ந்தாலும் அவற்றுக்கு உணவில்லை, மூழ்கினாலும் இல்லை.

ஆழத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. பாத்தியில் நீர் காய்ந்து 250 கிராமைத் தாண்டும்போதுதான் உப்பு படியும். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு: மீன்கள் பிழைக்க முடியாத, ஆர்ட்டீமியா என்னும் நுண் இறால் மட்டும் கோடிக்கணக்கில் பெருகும் நிலை. உண்ண வேறு போட்டியில்லாத அந்த நீரில் பறவைகளுக்குப் பெருவிருந்து. இதனால்தான் உலகெங்கும் உப்பளங்களும் கரையோரப் பறவைகளும் ஒன்றாகக் காணப்படுகின்றன. உப்பளம் என்றாலே பகை என்று எழுதிவிட முடியாது. வேதாரண்யம் நெடுங்காலமாக உப்பு விளையும் ஊர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்தது இந்த அகஸ்தியம்பள்ளியில்தான். மழைக்காலத்தில் உப்புத் தொழில் நின்றுவிடும். பாத்திகள் மழைநீரால் நிரம்பி, பறவைகளுக்குரியதாகும். தைக்குப் பிறகு ஆட்கள் இறங்கிப் பாத்தி மிதிப்பார்கள். இரு தரப்பும் ஒரே சேற்றை வெவ்வேறு மாதங்களில் பயன்படுத்திய ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது உப்பின் அளவு அல்ல, நீரின் மீதான கட்டுப்பாடு. தொழிற்சாலைத் தேவைக்கான பெரிய உப்பளங்கள் வந்தபோது நீண்ட கரைகள் எழுந்தன. கடல்நீர் எந்திரங்களால் ஏற்றப்பட்டது. மழையால் நிரம்பி வெயிலால் வடியும் சதுப்பின் ஒரு பகுதி, ஆண்டு முழுவதும் ஒரே ஆழத்தில் நீர் நிற்கும் தேக்கமாக மாறியது. மேலே காவிரியிலிருந்து வரும் நன்னீரும் குறைந்துபோனது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 1980களிலேயே உப்பளங்களால் நீர்ப்பறவைகளுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தனியாக ஆராயத் தொடங்கிவிட்டார்கள். நன்னீர் வரத்துக் குறைவையும் உப்புத்தன்மை உயர்வையும் பறவைகள் குறைந்ததற்கான முதன்மைக் காரணங்களாக அச்சங்கத்தினர் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். 1980களில் ஐந்து லட்சம் என்று மதிப்பிடப்பட்ட நீர்ப்பறவைகளின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது என்பது அவர்களது கணிப்பு.

கோடியக்கரைக்கும் இச்சங்கத்துக்கும் உள்ள உறவு நோய் ஒன்றிலிருந்து தொடங்கியது என்பது பலருக்கும் தெரிவதில்லை. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. உண்ணிகள் வழியாகப் பரவும் அந்த நோயின் கிருமியை வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து சுமந்து வந்திருக்கக்கூடுமோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு பறவைகளைப் பிடித்து வளையமிடும் திட்டத்தை சாலிம் அலி நடத்தினார். 1960களில் அத்திட்டத்தின் முகாம்கள் கோடியக்கரையிலும் நடந்தன. பறவைகளை உண்டு பிழைத்த சமூகங்களின் பிடிக்கும் நுட்பம் விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது. பிகாரைச் சேர்ந்த அலி உசேன் என்ற பறவை பிடிப்பவரின் கைத்திறனை நம்பியே சங்கத்தின் பல முகாம்கள் இயங்கின. இறகு ஒன்று உதிராமல் பறவையைக் கையில் எடுக்கும் அந்தக் கலைக்குப் பட்டப்படிப்பு எதுவும் ஈடாகாது. 1980களில் வளையமிடும் பணி மீண்டும் பெரிய அளவில் தொடங்கியது. சங்கத்தின் ஆய்வாளர் எஸ். பாலச்சந்திரன் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இங்கே கழித்து, உள்ளான்களின் எடை, இறகு மாற்றம், வரும் நாள், போகும் நாள் ஆகியவற்றைப் பதிவு செய்தார். நாம் இன்று இந்தக் கரையைப் பற்றி உறுதியாகச் சொல்லும் பலவும் அந்தப் பதிவுகளிலிருந்து வந்தவை.

நடுப்பகல் காடு வேறொரு உலகம். கோடியக்காடு வறண்ட பசுமைமாறாக் காடு. பாலை மரமும் உகாவும் குட்டையாக, அடர்ந்து நிற்பவை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இந்த வழியேதான் கரையேறியது. பெருமரங்கள் சாய்ந்தன, வெளிமான்களும் இறந்தன. சாய்ந்த இடங்களில் சீமைக்கருவேலம் முந்திக்கொள்கிறதா என்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஐப்பசியில் இந்தக் காட்டுக்குள் ஆறுமணிக் குருவிகள் இறங்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடுகட்டும் இவை இரவில் பறந்து வந்து, கடலைக் கண்டதும் கிடைத்த புதரில் ஒதுங்கி இளைப்பாறி, பிறகு நீரிணையைக் கடந்து இலங்கைக்குப் போகின்றன. காட்டை ஒட்டிய முனியப்பன் ஏரி நன்னீர் நிலை. உப்புநீரில் மேயும் பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி உண்டு. உடலில் மிகும் உப்பை அது பிரித்து மூக்கு வழியே சொட்டவிடுகிறது. அந்த வேலைக்கு ஆற்றல் செலவாகும். அருகில் நன்னீர் இருந்தால் அந்தச் செலவு குறையும். பறவைகள் குளிக்கவும் குடிக்கவும் அங்கே வரும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் பகலில் அங்கேதான் ஒடுங்கியிருக்கும்.

மாலையில் கடற்கரை. இந்த மாதங்களில் அது ஆளரவமற்ற கரையல்ல. அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே மீன்பிடி சீசன். மற்றக் கடலோர ஊர்களிலிருந்து மீனவர்கள் குடும்பத்தோடு வந்து, மணலில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். பறவை வரும் மாதங்களும் இவர்கள் வரும் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றே. இரு கூட்டத்தையும் இங்கே இழுப்பது ஒரே பருவத்தின் கடல்வளம். படகுகள் கரையேறும்போது பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஆலாக்களும் மேலே வட்டமிடும். அவற்றுக்கிடையே பெரிய உடலும் கருஞ்சாம்பல் முதுகும் கொண்ட ஹ்யூக்ளின் கடற்காகத்தையும் தேடிப் பார்க்கலாம். நீரிணைக்கு அக்கரையில், மன்னாரில், 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இனத்துப் பறவை ஒன்றின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, மேகா என்று பெயரிட்டு விடுவித்தார்கள். அது ரஷ்யாவின் யமால் தீபகற்பம்வரை போய் மறுபடி மன்னாருக்கே திரும்பியது. போய்வந்த தொலைவு 19,000 கிலோமீட்டருக்கும் அதிகம். எங்கோ ஒரு வெப்பக் கரைக்குத் திரும்புவதல்ல இது. முன்பு இரையெடுத்த அதே மணல்மேட்டுக்குத் திரும்புவது. அந்த மேடு இல்லாமல் போனால் அந்தப் பறவையிடம் மாற்று ஏற்பாடு ஏதும் இருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

குறைவுக்கான காரணம் முழுவதையும் இந்தக் கரையின்மேல் சுமத்துவதும் நியாயமாகாது. வளைமூக்கு உள்ளான் குஞ்சு பொரிக்கும் தைமிர் தீபகற்பத்தில் லெம்மிங் என்ற எலியினம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் வீழும். எலி மலிந்த ஆண்டில் ஆர்க்டிக் நரி எலியைத் தின்று வயிறு நிரப்பும். உள்ளான் குஞ்சுகள் தப்பும். எலி அற்றுப்போன அடுத்த ஆண்டில் நரி முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடும். அந்த ஆண்டு தெற்கே வரும் கூட்டங்களில் இளம் பறவைகள் சொற்பமாகவே இருக்கும். கோடியக்கரையில் நின்று முதிர்ந்தவற்றையும் இளையவற்றையும் பிரித்து எண்ணுகிறவர், சைபீரியாவில் அந்தக் கோடையில் எலிகள் இருந்தனவா என்பதை ஊகித்துவிடலாம். ஆர்க்டிக் வெப்பமடைவதால் இந்தச் சுழற்சி பல இடங்களில் தளர்ந்து வருகிறது. 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழியக்கூடிய நிலையிலுள்ள இனங்களாக மாற்றி வைத்தது. நம் சேற்றில் சாதாரணம் என்று நாம் கடந்துபோகும் பறவை உலகக் கணக்கில் அப்படி இல்லை.

1967இல் கோடியக்கரைச் சரணாலயத்தின் எல்லை முதலில் வரையப்பட்டபோது மனத்தில் இருந்தவை காடும் வெளிமானும். 2002இல் 38,500 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்து சதுப்பும் உள்ளே வந்தது. அதன்பின் 20 ஆண்டுகள் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் தலமாக அது இருந்தது. எல்லை விரிந்தது நல்லதே. ஆனால் உள்ளானுக்கு வேண்டியது எல்லைக்கல் அல்ல. ஐப்பசியில் எவ்வளவு நன்னீர் உள்ளே வந்தது, தையில் எங்கெங்கே எத்தனை சென்டிமீட்டர் நின்றது, மாசியில் உப்பு எவ்வளவு ஏறியது என்ற மூன்று கேள்விகளுக்கும் வாரந்தோறும் விடை எழுதப்பட வேண்டும். அந்த விடைகள் எல்லார் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். அளவுகோல் நடுவதற்கும் உப்புமானி வாங்குவதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

எண்ணும் காலத்தையும் விரிவாக்க வேண்டும். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அதே மாதத்தில்தான். ஜனவரி எண்ணிக்கை ஓரிடத்தின் ஒரு நாள் நிலை மட்டுமே. ஏப்ரலில் வளைமூக்கு உள்ளான்கள் செங்கல் நிறத்துக்கு மாறி, நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்து உருண்டு திரண்டிருக்கும். அப்போது இரை போதாமல் போனால் இழப்பு இங்கே தெரியாது, தைமிரில்தான் தெரியும். முதலாண்டுப் பறவைகள் பலவும் வடக்கே போவதே இல்லை. முதிர்ந்தவை போன பிறகு, மே, ஜூன், ஜூலை மாதங்களில், கொளுத்தும் வெயிலில் எஞ்சிய ஈரத்தை நம்பிச் சதுப்பிலேயே இருக்கின்றன. அடுத்த தலைமுறையின் பெரும்பங்கு அந்த மூன்று மாதமும் அங்கே நிற்கிறது. கோடை விடுமுறையில் ஊருக்கு வரும் மாணவர்கள் நான்கு பேர் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலே அவற்றை எண்ணிவிடலாம். சாம்பல் நிற இறகோடு மே மாதத்தில் நிற்கும் வளைமூக்கு உள்ளான் இளம் பறவை என்பதை அடையாளம் காண ஒரு வாரப் பயிற்சி போதும்.